நாடிப் புடைப்பும் அதற்கு மருந்து தேடிய வரலாறும்

இதயத்தினின்றும் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களை நாடிகள் என்கின்றோம். நாடியொன்றின் சுவர் ஓரிடத்தில் மெலிந்துவிடின், உள்ளே ஓடும் குருதியின் அழுத்தம் அவ்விடத்தைப் பைபோல வெளியே தள்ளும். இதுவே நாடிப் புடைப்பு. ஆங்கில வைத்தியர் ‘அனியூரிசம்’ என்பர். வயல் சூழ்ந்த அக்கரைப்பற்றிலே வாழும் எமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. வாய்க்காற்கரை ஓரிடத்தில் இளகிப் புடைக்குமாயின், அஃது எவ்வேளை உடைக்குமோ என்று வட்டவிதானையார் உறக்கமின்றி இருப்பார். கரை உடைந்தால் வேளாண்மை அழியும். பெருநாடி உடைந்தாலோ சில நிமிடங்களில் உயிரே போதலும் உண்டு.

பண்டையோர் இந்நோயை அறியாதாரல்லர். கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற எகிப்திய ஏபர்ஸ் ஏடு குருதிக் குழாய்களில் எழும் கட்டிகளைக் கூறுகின்றது. சுசுருத சங்கிதை ‘சிராஜக் கிரந்தி’ என ஒன்றைச் சொல்லும். அதனை நாடிப் புடைப்பெனக் கொள்வாரும் உளர். நோவும் அசைவும் உடையதாயின் அரிதின் மாற்றலாம். பெரிதாய் அசைவற்று மருமத்தானத்தில் எழுந்ததாயின் விட்டுவிடுக என்பது அந்நூலின் கருத்து. கிரேக்க வைத்தியராகிய அன்ரில்லஸ், புடைப்பின் மேலும் கீழும் நாடியை நூலாற் கட்டிப் பையைத் திறந்து, உறைந்த குருதியை அகற்றினார். அவரும் கழுத்து, அக்குள், கவடு ஆகிய இடங்களில் எழுந்தவற்றைத் தொடத் துணிந்திலர். மயக்க மருந்தும் கிருமி பற்றிய அறிவும் இல்லாத காலத்தில், தம் கைக்கு எட்டாததை அறிந்து விலகுதலும் வைத்தியமேயாயிற்று.

இத்தாலிய வைத்தியர் வல்சால்வா (1666–1723) வேறொரு வழி கண்டார். நோயாளியைப் படுக்கையிற் கிடத்தி, பலமுறை குருதி வடித்து, உணவையும் சுருக்கினார். நீர் குறைந்தாற் கரையின்மேல் பாரம் குறையும் என்பது போன்ற எண்ணம் இது. ஆயின், நோய் தணியுமுன் நோயாளி தளர்ந்தான். காலிற் புடைப்புக் கண்டால் காலையே துணித்து எடுத்தலும் அக்காலத்து வழக்கமாயிருந்தது.

1785 டிசெம்பரில் இலண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஜோன் ஹன்ரர் இவ்வழக்கத்தை மாற்றினார். நோயாளி 45 வயதுடைய வண்டியோட்டி. புடைப்பு முழங்காலின் பின்புறத்தில் இருந்தது. ஹன்ரர் புடைப்பைத் தொடவில்லை. நோயுற்ற சுவரில் கட்டுப் பொருந்தாது கிழியும் என்பதை உணர்ந்து, மேலே தொடையில், நாடி நலமாயுள்ள இடத்திற் கட்டினார். அவ்வாறாயின் காலுக்குக் குருதி எவ்வாறு செல்லும்? பெருவாய்க்கால் அடைபட்டால் கிளை வாய்க்கால்கள் வழியே நீர் சுற்றிப் பாய்வதில்லையா? அங்ஙனமே சிறு கிளைநாடிகள் விரிந்து காலைக் காத்தன. ஆறு வாரமளவில் அம்மனிதன் வைத்தியசாலையை விட்டு நடந்து சென்றான். 1787 இல் காய்ச்சலால் அவன் இறந்தபின் ஹன்ரர் அக்காலை ஆராய்ந்து, புடைப்புச் சுருங்கியிருக்கக் கண்டார்.

ஆயினும், வயிற்றுப் பெருநாடிக்கு இம்முறை எளிதில் இசையவில்லை. 1817 இல் அஸ்லி கூப்பர் அதனைக் கட்டினார். நோயாளி நாற்பது மணி நேரமளவே உயிர் தரித்தான். 1864 இல் சாள்ஸ் மூர் புடைப்பினுள் இரும்புக் கம்பியைச் செலுத்திக் குருதியை உறையச் செய்ய முயன்றார்; அந்நோயாளியும் பிழைக்கவில்லை. 1888 இல் அமெரிக்கராகிய றுடோல்ப் மாற்றஸ் பையின் உட்புறத்தையே தைத்து வெற்றி கண்டார். 1948 இல் விஞ்ஞானி ஐன்ஸ்ரைனின் புடைப்பைச் செலோபேன் தாளாற் சுற்றினர். அவர் 1955 இல் அது கசிந்து உடைந்தே இறந்தார். 1951 இல் பாரிசில் சாள்ஸ் டுபோ நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, இறந்தவரொருவரின் நாடியைப் பொருத்தினார். அதன்பின் செயற்கை இழைக் குழாய்கள் வந்தன. இன்றோ கவட்டு நாடி வழியே மெல்லிய குழாயை உட்செலுத்தி, வயிற்றைக் கீறாமலே உள்ளுறை பொருத்துகின்றனர்.

இவ்வறிவு எம் நாட்டுத் தமிழருக்கு வந்த வழியையும் ஈண்டு நினைத்தல் தகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். துரூயிற் என்பார் எழுதிய சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரால் 1867 இல் தமிழில் வெளிவந்தது. நாடிகளின் நோயும் அவற்றைக் கட்டும் முறையும் மூலநூலிற் கூறப்பட்டவை. ஆங்கிலம் அறியாத தமிழ் மாணவனும் ஹன்ரரின் வழிவந்த கல்வியைத் தன் மொழியிற் பெறுதற்கு இத்தகைய நூல்கள் வாயிலாயின.

துணிந்த கை கூப்பருக்கும் இருந்தது. ஆயின் ஹன்ரருக்கு வெற்றி தந்தது, உடல் தானே வகுத்து வைத்திருந்த கிளைவழிகளை அவர் அறிந்திருந்தமையே. அத்தகைய அறிவு ஒரு மொழிக்குள் வரும்போதுதான் அம்மொழியினர் அனைவருக்கும் உரியதாகும். எம் கல்லூரியினின்று வைத்தியராய்ச் சென்ற பழைய மாணவர் பலர். அவர்கள் தாம் கற்றதைத் தமிழில் எழுதி, இங்கு பயிலும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் அளிப்பாராயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை. உயர் குருதியழுத்தமும் புகைத்தலும் இந்நோய்க்குத் துணை செய்வன என்பதை வீடுதோறும் எடுத்துரைக்கும் பணியும் அவர்களை நோக்கி நிற்கின்றது.