நேராகத்தான் நடந்தோம்

மலைக்காட்டில் வழி தப்பி மீண்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நேராத்தான் நடந்தேன். எப்படியோ சுத்தி அதே இடத்துக்கே வந்துட்டேன்." இது பயத்தில் வந்த பிரமையா, உண்மையா? ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் இதைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள்.

பீன்வால்ட் காட்டில் ஆறு பேரிடம் ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்து, ஒரே திசையில் நேராக நடக்கச் சொன்னார்கள். மணிக்கணக்கில் நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த நால்வருமே வட்டமடித்தார்கள். அவர்களில் மூன்று பேர் சற்று முன் தாங்களே நடந்த தடத்தைக் குறுக்காகக் கடந்தார்கள். கடந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. வெயில் நாளில் நடந்த இருவரோ ஏறக்குறைய நேராகவே போனார்கள். சூரியன் மேகத்துக்குள் இருந்த முதல் 15 நிமிடங்களில் மட்டும்தான் தடுமாற்றம். துனிசியப் பாலைவனத்தில் பௌர்ணமி இரவில் நடந்தவரும் நிலா தெரிந்தவரை ஒழுங்காகப் போனார். நிலா மறைந்ததும் வந்த திசைக்கே திரும்பிவிட்டார்.

ஒரு கால் சற்று நீளமாக இருப்பதே காரணம் என்றொரு விளக்கம் உண்டு. அப்படியானால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தானே சாய வேண்டும்? கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது அதே ஆள் ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் வளைந்தார். சிலரின் வட்டம் 20 மீட்டர் அகலம்கூட இல்லை. உள்காதும் தசைகளும் தரும் தகவலில் அடிக்கு அடி சின்னப் பிழை சேர்கிறது. 'நேர்' என்று மூளை நம்பும் திசையே மெல்ல நகர்கிறது. அதைத் திருத்த சூரியனோ தொலைவில் ஒரு குன்றோ தெரிய வேண்டும். மேகம் மூடிய நாளில் அடர்ந்த காட்டில் இரண்டும் கிடைப்பதில்லை.

மலையில் இறங்கும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குடைக்கம்பிகள்போல முகடுகள் உச்சியிலிருந்து பிரிகின்றன. ஏறும்போது எதைப் பிடித்தாலும் உச்சிக்கே போய்ச் சேரலாம். இறங்கும்போது ஒன்று தவறினால் வேறு பள்ளத்தாக்கு. இடப்பக்கம் இருக்க வேண்டிய ஓடை வலப்பக்கம் ஓடும். அப்போதும் மனம் தவறை ஒப்புவதில்லை. 'இது வேறு ஓடை, நம்முடையது இனிமேல்தான் வரும்' என்று சமாதானம் சொல்லி நடக்க வைக்கும். இந்தச் சமாதானத்தைத்தான் நான் வழுக்குப் பாறையைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

ஏனென்றால், தேடுபவர்களின் கணக்கு கடைசியாக உங்களைப் பார்த்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்திருந்தால், எந்தத் திசை என்று தெரியாததால் அவர்கள் அலச வேண்டியது 3 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம், அதாவது ஏறத்தாழ 28 சதுர கிலோமீட்டர். இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் அது இரட்டிப்பாவதில்லை. நான்கு மடங்காகி 113ஐத் தொடுகிறது.