மனந்திரும்புதல்: ஒரு சொல்லும் ஒரு பிளவும்

விசுவாசம், மனந்திரும்புதல், இரட்சிப்பு ஆகிய மூன்றும் கிறிஸ்தவ வாழ்வின் மையமானவை. பாவியாகிய மனிதன் இறைவனால் எவ்வாறு நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்ற வினாவே இவற்றை இணைக்கின்றது. இவ்வினாவே மேற்கு ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது என்பதை நாம் வரலாற்றில் காண்கிறோம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் மனந்திரும்புதலை 'மெட்டனோயா' என்கின்றது. சிந்தை மாறுதல் என்பது அதன் பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பில் இதற்கு நின்ற சொல்லோ, மனவருத்தத்தையும் பாவத்துக்கு ஈடான பரிகாரச் செயலையும் ஒருங்கே குறித்தது. இடைக்காலத்தில் மனத்துயர், குருவிடம் பாவ அறிக்கை, பரிகாரம் என்னும் ஒழுங்கு உருவாயிற்று. அப்பரிகாரத் தண்டனையைக் குறைக்கும் சலுகையே, நம் பாடநூல்கள் 'பாவமன்னிப்புச் சீட்டு' எனக் குறிப்பிடுவது. கோட்பாட்டின்படி அது பாவத்தை மன்னிப்பதன்று. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையையே நீக்குவது. எளிய மக்கள் இவ்வேறுபாட்டை அறிந்திலர்.

1517இல் யோகான் தெட்சல் என்னும் துறவி, ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்தின் பேரில் ஜெர்மனியில் இச்சீட்டுகளை விற்றார். இறந்த உறவினர் உத்தரிக்கும் ஸ்தலத்தில் துன்புறுவதாக அஞ்சியோர் தம் சிறு பொருளையும் கொடுத்தனர். விட்டன்பர்க் பேராசிரியர் மார்ட்டின் லூதர் இதனை மறுத்து 95 கருத்துரைகளை வெளியிட்டார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. முந்திய ஆண்டு எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்க மூலம், அச்சொல்லின் பொருளை அறிய அவருக்குத் துணைநின்றது. ஒருவன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறான். நற்செயல் அதன் கனியேயன்றி விலையன்று என்பது அவர் துணிபு.

திரெந்து சங்கம் 1547இல் இதற்கு விடை கூறியது. இறையருளே தொடக்கம் என்பதை அது ஏற்றது. எனினும் நம்பிக்கையும் அன்பும் சேராத விசுவாசம் மனிதனைக் கிறிஸ்துவோடு முழுமையாக இணைக்காது என்றது. பணம் பெற்று வழங்கிய சலுகைகளைப் போப் ஐந்தாம் பத்திநாதர் 1567இல் நீக்கினார்.

1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டறிக்கையொன்றில் ஒப்பமிட்டனர். மனிதன் தன் தகுதியாலன்று, அருளாலேயே ஏற்கப்படுகிறான். அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஏவுகின்றது என்பது அதன் சாரம். வேறுபாடுகள் முற்றும் நீங்கவில்லை. ஆயினும், அவ்வறிக்கை விளக்கிய அடிப்படை உண்மைகளின் அளவில் பழைய கண்டனங்கள் இனிப் பொருந்தா என இரு தரப்பாரும் உடன்பட்டனர்.

தமிழில் சீர்திருத்தத் திருச்சபையார் 'மனந்திரும்புதல்' என்பர். கத்தோலிக்கர் 'மனமாற்றம்' என்பர். பின்னது கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். முன்னதோ, பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லைப் போலவும் நாம் வழங்கும் 'தவ்பா'வைப் போலவும், திரும்பி வருதலைச் சுட்டுகின்றது. விலைகொடுத்து அன்று, திரும்பி வந்தே மன்னிப்பைப் பெற வேண்டும் என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.