டெனர் பஸ்ஸுல வந்துட்டிருக்காரு!

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. உடுமலைப்பேட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. சர்ச். மறுநாள் மாலை ஆராதனைக்குப் பாட்டு பிராக்டிஸ். பெண்கள் ஆறு பேர், ஆண்கள் ரெண்டே பேர். எல்லோர் கண்ணும் வாசல் மேலேயே!

"டெனர் இன்னும் வரலைங்க. இப்பத்தான் பல்லடம் தாண்டியிருக்காராம்!"

யாரோ வி.ஐ.பி.னு நினைச்சுடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பள நாளாச்சே... வாங்கிக்கிட்டு பஸ் பிடிச்சு வரணும்.

"ஒருத்தர் வரலைன்னா என்ன சார்?" என்றேன் கொயர் மாஸ்டரிடம். ரிட்டயர்டு வாத்தியார் அவர்.

"கேட்டுப் பாரு தம்பி" என்று பாடச் சொன்னார். சொப்ரானோ மேலே, ஆல்டோ அதுக்குக் கீழே, அடியில் பேஸ். நடுவில் டெனர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. நாலு கால் கட்டிலில் ஒரு கால் இல்லாத மாதிரி! நம்ம இன்ஜினீயரிங் மொழியில் சொன்னா, டோ-மி-ஸோ மூணோட அதிர்வெண்ணும் 4:5:6 விகிதத்தில் சேர்ந்தால்தான் அந்த இனிமை. ஒண்ணு குறைஞ்சா காது கண்டுபிடிச்சுடும்.

இந்த மாலைப் பாட்டுக்கு வயசு ஜாஸ்தி. 1549-ல் இங்கிலாந்தில் ஆர்ச்பிஷப் கிரான்மர், துறவிகள் பாடிய ரெண்டு ராத்திரி வழிபாடுகளைச் சேர்த்து, மக்கள் மொழியில் ஒரே மாலை வழிபாடாக்கினார். மரியாள் பாட்டு, சிமியோன் பாட்டு ரெண்டும் இதில் முக்கியம். பி.பி.சி. ரேடியோ 1926-லிருந்து இதை ஒலிபரப்புது!

கொங்கு பக்கம் வந்த லண்டன் மிஷன்காரர்கள் ஆங்கிலிக்கன் இல்லை. அவர்களில் ஒருவர், ஈரோட்டில் இருந்த பாப்ளி. நம்ம சங்கீதத்தைக் கற்று, 1921-ல் ஆங்கிலத்தில் புத்தகமே எழுதினார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இந்தச் சபைகள் ஒண்ணாகி சி.எஸ்.ஐ. பிறந்தது. அதனால இன்னைக்கும் ரெண்டு வகைப் பாட்டு. மேல்நாட்டு மெட்டில் நாலு குரலில் பாமாலை. வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் ராக தாளத்தோடு எழுதிய கீர்த்தனை.

ஏழேகால். வந்துட்டார் டெனர்! தலைமுடியில் பனியன் பஞ்சு. தண்ணிகூடக் குடிக்காமல் நின்னார். அதே பாமாலையை மறுபடி பாடினாங்க... ஓட்டை அடைஞ்சுது. எனக்குப் புல்லரிச்சுது!

நானும் ஆர்வக்கோளாறில் பக்கத்தில் நின்று கத்தினேன். அண்ணன் சிரித்தார். "பக்கத்துல நிக்கறவங்க குரல் கேக்கலைன்னா, நாம சத்தமாப் பாடறோம்னு அர்த்தம் கண்ணு."

காலேஜ்ல இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை!

கிளம்பும்போது மெதுவாச் சொன்னார்: "எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்துருக்கு. அடுத்த மாசம் ஒன்றரை ஷிஃப்ட். வர முடியாதுங்க சார்."

யாரும் பேசவில்லை. கீபோர்டில் பட்டனைத் தட்டினால் ரிதம் வரும். பக்கத்தில் நிற்கிற டெனர் வருமா?

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சர்ச்சுக்குப் போய்ப் பழக்கமில்லாதவன். பாத்ரூம் பாடகன் வேறு.

"டோ, ரே, மி தெரியுமா தம்பி?"

"கத்துக்கறேன் சார்!"

அடுத்த சனிக்கிழமை ஆறரைக்கு ஆஜர்!