கடைச் சீரமைப்பின் இரவு ஒலியும் நோயாளியின் உறக்கமும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியிடம் நாங்கள் தரும் சீட்டில் மருந்துகளின் பெயரும் வேளையும் இருக்கும். உணவுக் கட்டுப்பாடு இருக்கும். மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாளும் இருக்கும். 'நன்றாக உறங்க வேண்டும்' என்பதை மட்டும் பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த உறக்கம் எத்தகைய சூழலில் கிடைக்கப்போகிறது என்று கேட்பதில்லை.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாக மறைமலை நகர் வரையிலும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தெருக்களில் கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கட்டடங்கள் ஏராளம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் ஆகிய விற்பனைக் காலங்களுக்கு முன்னர் கடைகளைப் புதுப்பிப்பது வழக்கம். பகலில் கடையை அடைத்தால் வியாபாரம் கெடும் என்பதால் ஷட்டரை இறக்கிய பிறகு, இரவில் வேலை தொடங்குகிறது. பழைய தரையைப் பெயர்ப்பதும், டைல்ஸ் வெட்டுவதும், சுவரில் துளையிடுவதும் விடியும்வரை நீள்வதுண்டு. கடைக்காரரின் பிழைப்பும் முக்கியம்; மேல்மாடியில் படுத்திருக்கும் நோயாளியின் உறக்கமும் முக்கியம். இரண்டையும் ஒருசேரக் காக்க வழி உண்டு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

உறங்கும்போதும் செவி விழித்திருக்கிறது

கண்ணை மூடிக்கொள்வதுபோல் காதை மூடிக்கொள்ள இயலாது. உறக்கத்திலும் மூளை ஒலியைக் கவனித்துக்கொண்டேயிருக்கிறது. திடீரென எழும் ஒலி நோயாளியை முழுமையாக எழுப்பாவிட்டாலும், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். மனஅழுத்த நேரத்தில் சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் ஆகியவையும் மிகுதியாகச் சுரக்கக்கூடும். ஆழ்ந்த உறக்கம் கலைந்து மேலோட்டமான உறக்கமாக மாறுகிறது. 'இரவு முழுவதும் படுத்துத்தான் இருந்தார், ஆனாலும் காலையில் சோர்வாக இருக்கிறார்' என்று குடும்பத்தார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே சீராக ஒலிக்கும் மின்விசிறிக்கு நாம் பழகிவிடுகிறோம். விட்டுவிட்டு ஒலிக்கும் சுத்தியலுக்கும், டைல்ஸ் வெட்டும் இயந்திரத்திற்கும் அவ்வாறு எளிதில் பழக முடிவதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாத நிலையே உறக்கத்தைக் கெடுக்கிறது.

நலமாக உள்ளவர் ஓரிரு நாள் உறக்கம் கெட்டாலும் சமாளித்துவிடுவார். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர்கள், வலிப்பு நோயாளிகள், முதியோர், கைக்குழந்தையுடன் உள்ள தாய்மார்கள் ஆகியோருக்குத் தொடர்ந்த உறக்கக்கேடு எளிதான செய்தியன்று. உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டக்கூடும். இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கக்கூடும். வலியையும் அதிகமாக உணரச் செய்யும்.

எவ்வளவு ஒலி மிகுதி?

ஒலி டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறைக்குள் ஒலி 30 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 நடைமுறையில் உள்ளன. இவ்விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரமே இரவு. அந்நேரத்தில் வெளிப்புற ஒலிக்கு வகுக்கப்பட்ட வரம்பு குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 டெசிபல், அமைதி மண்டலத்தில் 40 டெசிபல் ஆகும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம்.

2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவில் இயக்கக் கூடாது. உங்கள் தெரு வணிகப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருந்தால் இத்தடை நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் 55 டெசிபல் வரம்பு அங்கும் உண்டு.

முதலில் பேசுங்கள்

சட்டம் துணை நிற்கிறது என்பதை அறிந்துகொண்டு, பேச்சிலிருந்து தொடங்குவதே நல்லது. மேல்மாடியில் நோயாளி இருப்பது பல கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. நள்ளிரவில் கோபத்துடன் இறங்கிச் சென்று வேலையாட்களிடம் சண்டையிடுவதால் பயன் குறைவு. வேலை நேரத்தை முடிவு செய்பவர்கள் அவர்கள் அல்லர். பகலில் உரிமையாளரையும் மேஸ்திரியையும் சந்தியுங்கள்.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. வேலை எத்தனை நாள் நடக்கும்? உடைக்கிற வேலையையும் வெட்டுகிற வேலையையும் மட்டும் இரவு பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் போதும். 'வேலையை நிறுத்துங்கள்' என்பதைவிட 'வேலையின் வரிசையை மாற்றுங்கள்' என்னும் கோரிக்கை எளிதில் ஏற்கப்படும்.

கடைச் சீரமைப்பில் எல்லா வேலையும் ஒரே அளவு ஒலி எழுப்புவதில்லை. தரை பெயர்த்தல், சுவர் இடித்தல், துளையிடுதல், டைல்ஸும் இரும்பும் வெட்டுதல் ஆகியவை பேரொலி எழுப்புபவை. இவற்றை மாலையிலேயோ வார விடுமுறைப் பகலிலேயோ செய்யக் கேளுங்கள். பட்டி பார்த்தல், வண்ணம் பூசுதல், மின்கம்பி இழுத்தல், பொருள்களை அடுக்குதல் ஆகியவற்றை இரவில் செய்யலாம். டைல்ஸையும் பலகைகளையும் வேறிடத்தில் அளவாக வெட்டி எடுத்துவர இயலுமா என்றும் கேட்கலாம். இடிபாடுகளை இரவில் லாரியில் கொட்டாமல் மூட்டைகளில் கட்டிக் காலையில் ஏற்றினால் பெரும் இரைச்சல் குறையும்.

ஆஸ்துமா, நுரையீரல் நோய் உடையவர் வீட்டில் இருந்தால் வண்ணப் பூச்சின் நெடியும் சிமெண்ட் தூசியும் தீங்கு செய்யும். எந்த நாளில் எந்த வேலை என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை

கடைக்கு நேர் மேலே உள்ள அறையைத் தவிர்த்து, கட்டடத்தின் பின்புற அறைக்கு நோயாளியின் படுக்கையை மாற்றுங்கள். தெருவிலிருந்து வரும் ஒலியைச் சன்னலை மூடுவது ஓரளவு தடுக்கும். கீழ்த்தளத்தை உடைக்கும்போது அதிர்வு சுவர் வழியாகவும் தளத்தின் வழியாகவும் ஏறி வருவதால், அங்கே சன்னலை மூடுவதால் பயன் குறைவு. அத்தகைய இரவுகளில் மட்டும், இயலுமாயின், நோயாளியை உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது. பெரும்பாலும் உடைக்கும் வேலை தொடக்க நாள்களில் முடிந்துவிடும்.

மின்விசிறியின் சீரான ஒலி, வெளியே விட்டுவிட்டு எழும் ஒலியை ஓரளவு மறைக்கும். பஞ்சுபோன்ற காதடைப்பான்களும் உதவும். காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்கள், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் காதடைப்பான் அணிந்தால் நோயாளி அழைப்பது கேட்காமற்போகலாம். இருவர் முறைவைத்து உறங்குவதே பாதுகாப்பு.

மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையை எக்காரணம் கொண்டும் தராதீர்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். முதியவர்கள் தடுமாறி விழவும் காரணமாகும். மருந்து வேளைகளையும் தாமாக மாற்ற வேண்டாம்.

வீட்டில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ அளந்து குறிப்பவர்கள், உறக்கம் கெட்ட இரவுகளையும் அதே நோட்டில் குறித்து வாருங்கள். மறுபரிசோதனையின்போது அதைக் காட்டினால், அளவு உயர்ந்தது நோயினாலா உறக்கக்கேட்டினாலா என்று ஆராய்ந்து மருந்தின் அளவை முடிவு செய்ய எங்களுக்கு உதவும்.

எல்லாவற்றையும் ஒலியின் மீது சுமத்திவிடவும் கூடாது. முதியவர் ஒருவர் திடீரென ஆள் தெரியாமல் பேசினாலோ, இடம் நேரம் குழம்பினாலோ 'தூக்கமில்லாததால்தான்' என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

பேசியும் தீராவிட்டால்

இரவில் தொல்லை தொடர்ந்தால் 100 அல்லது 112 என்னும் எண்ணில் காவல்துறைக்குத் தெரிவிக்கலாம். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கருவியின் ஒலி என்பவற்றைக் குறித்துவைத்து எழுத்து வடிவிலும் காவல் நிலையத்தில் புகார் அளியுங்கள். நகராட்சிக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் அதன் நகலை அனுப்பலாம். வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ ஒலி மிகுந்தாலும், இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டாலும் புகார் அளிக்கும் உரிமை விதிகளிலேயே உள்ளது. கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவு தோராயமானதே. பேச்சுக்கு உதவும், முறையான அளவீட்டுக்கு ஈடாகாது.

நோயாளி வீட்டில் ஓய்வெடுக்க வேண்டியவர் என்பதற்கு மருத்துவச் சான்று தேவையெனில் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேளுங்கள். புகாருடன் மட்டுமன்றி, கடைக்காரரிடம் பேசச் செல்லும்போதும் அது கையில் இருப்பது நல்லது.

வீடு திரும்பும் நாளில் 'எங்கள் கட்டடத்தில் இரவில் வேலை நடக்கிறது' என்பதை எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை எழுதும்போதே அதையும் கருத்தில் கொள்வோம்.