மழை வருது... படகு மோட்டார் திரும்புமா?

ஸ்ரீபெரும்புதூர்,

கார் தயாராகும் ஊர், பைக் தயாராகும் ஊர், லாரி தயாராகும் ஊர். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் அரை மணி நேரம் பஸ்சில் போனால் போதும், உலகத்தின் பாதி வண்டிக் கம்பெனிகளின் போர்டையும் பார்த்துவிடலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட் - நிசான், 2012-ல் பாரத் பென்ஸ் லாரி, 2013-ல் புல்லட் என்று வரிசையாக வந்தன. வல்லம் வடகாலில் 2015-ல் யமஹா பைக் வந்து சேர்ந்தது.

ஆனால் அடைமழை கொட்டி, ஏரிகள் நிரம்பி, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடும்போது இந்த வண்டிகளில் ஒன்றும் உதவாது. அப்போது வேண்டியது ஒரு படகு. அந்தப் படகின் பின்னால் ஒரு மோட்டார்.

அந்த மோட்டார் ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதுமா? போதாது. திரும்ப வேண்டும்!

"என்ஜின் நல்லா ஓடுது சார்... ஆனா திருப்பினா திரும்ப மாட்டேங்குது." படகு மோட்டார் வைத்திருப்பவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் புகார் இது. மழைக்காலத்தில் இந்தச் சின்னக் கோளாறு பல உயிர்களோடு விளையாடும் கோளாறாக மாறிவிடும்.

இங்கே படகு எதற்கு?

கடல் 30, 40 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. இங்கே படகுக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரியும், பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் அந்தத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்தான் அடையாறாக உருவெடுத்து ஓடுகிறது. ஆலைகள் வந்தாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

2015 டிசம்பர் 1-ந் தேதியை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று பெய்த மழை மறுநாள் காலையில் அளக்கப்பட்டபோது தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டி மீட்டர். ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. வரதராஜபுரம், முடிச்சூர் பகுதிகள் மிதந்தன.

அப்போது சென்னைக் கடற்கரையில் இருந்து மீனவர்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாடியில் நின்றவர்களைக் குழந்தை குட்டிகளோடு இறக்கிக் கொண்டுபோய்க் கரை சேர்த்தார்கள்.

2018-ல் கேரள வெள்ளத்திலும் இதே கதைதான். அங்கே 669 மீன்பிடிப் படகுகள் வந்து 65 ஆயிரம் பேரைக் காப்பாற்றியதாகக் கேரள அரசு கணக்குச் சொன்னது.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. காரப்பாக்கத்தில் சிக்கிக்கொண்ட நடிகர்கள் அமீர்கான், விஷ்ணு விஷால் இருவரையும் தீயணைப்புத் துறையினர் படகில்தான் மீட்டார்கள். நடிகர் ஆனாலும் கிளார்க் ஆனாலும் வெள்ளத்தில் ஒரே படகுதான்!

மோட்டாரே சுக்கான்!

படகின் பின்பலகையில் மாட்டும் இந்த மோட்டாருக்கு 'அவுட்போர்டு மோட்டார்' என்று பெயர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பைக் செய்யும் யமஹா கம்பெனி 1960-லேயே ஜப்பானில் படகு மோட்டார் விற்க ஆரம்பித்துவிட்டது.

இந்த மோட்டார் உள்ள படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. மோட்டாரே சுக்கான். கைப்பிடியைப் பிடித்து வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் திரும்பும்.

அந்தக் கைப்பிடியிலேயே வேகத்தைக் கூட்டும் முறுக்கும் இருக்கிறது, பைக் ஆக்சிலேட்டர் மாதிரி. ஆபத்து இங்கேதான்.

கைப்பிடி டைட்டாக இருந்தால் படகோட்டி இரண்டு கையாலும் இழுப்பார். இழுக்கிற இழுப்பில் முறுக்கும் சேர்ந்து திரும்பிவிடும். படகு சீறிப் பாயும். 'டக்' என்று கைப்பிடி விட்டுக் கொடுத்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கதி என்ன?

கடலில் இடம் உண்டு. நாலு வீடு தள்ளித் திருப்பிக்கொள்ளலாம் என்று தெருவில் நினைக்க முடியாது. இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர், அந்தப் பக்கம் மின்கம்பம், தண்ணீருக்கு அடியில் மூழ்கிய கார்!

ஏன் இறுகுகிறது?

பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஹேண்டில் டைட்டாக இருந்தால் மெக்கானிக் என்ன சொல்வார்? "கோன் செட் பாருங்க" என்பார். படகு மோட்டாரிலும் ஏறக்குறைய அதே கதைதான்.

மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு குழாய். அதற்குள் ஒரு தண்டு. மோட்டார் இடமும் வலமும் திரும்புவது இந்தத் தண்டின் மேல்தான். மேலும் கீழும் புஷ். நடுவில் கிரீஸ்.

நாளானால் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி கெட்டியாகிவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி புஷ்சை நெருக்கித் தண்டைக் கவ்விப் பிடிக்கும்.

தினமும் கடலுக்குப் போகும் மோட்டார் ஆடிக்கொண்டே இருப்பதால் இந்தத் தொல்லை மெதுவாக வரும். வருஷம் முழுவதும் ஷெட்டில் தூங்கிவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எழுந்திருக்கும் மோட்டாருக்குத்தான் சீக்கிரம் வரும். வெள்ளத்துக்கு வேண்டியதும் அந்த மோட்டார்தான்!

முதலில் எதைப் பார்ப்பது?

பல மோட்டார்களில் கைப்பிடி ஆடாமல் நிற்பதற்காக ஒரு டைட் திருகு அல்லது லீவர் இருக்கும். யாராவது அதை முறுக்கி வைத்திருக்கலாம். அதைத் தளர்த்தினாலே பாதிப் பேருக்குக் கவலை தீர்ந்துவிடும். கழற்றி மேய்வதற்கு முன்னால் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சில படகுகளில் கார் மாதிரி முன்னால் வட்ட ஸ்டியரிங் இருக்கும். அங்கிருந்து கேபிள் பின்னால் மோட்டாருக்குப் போகும். அதில் கோளாறு கேபிளிலா, மோட்டாரிலா?

கண்டுபிடிப்பது சுலபம். கேபிளையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு மோட்டாரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். லேசாக ஆடினால் குற்றவாளி கேபிள். அப்போதும் அசைய மறுத்தால் குற்றவாளி தண்டு.

கிரீஸ் வைத்தியம்

தண்டு இறுகியிருந்தால் வைத்தியம் இதுதான்.

பிராக்கெட்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதை முதலில் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். கிரீஸ் கன்னை மாட்டி, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க மோட்டாரை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பழைய கறுப்பு கிரீஸ் மேலும் கீழும் பிதுங்கி வரும். புது கிரீஸ் தலைகாட்டும் வரை விடக்கூடாது.

கிரீஸ் ஏறவே இல்லையா? நிப்பிள் அடைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யலாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைக்கலாம். புது நிப்பிள் போட்டு மறுபடி அடிக்கலாம்.

இதற்கும் மசியாவிட்டால் சூட்டுக் காற்று அடிக்கும் கன்னால் பிராக்கெட்டைச் சூடு காட்டலாம். பெட்ரோல் டேங்க்கைத் தள்ளி வைத்த பிறகுதான்! நெருப்பு ஜுவாலை கூடவே கூடாது. கடைசி வழி, மெக்கானிக்கிடம் கொடுத்துத் தண்டை வெளியே எடுத்து புஷ் மாற்றுவது.

இவற்றைச் செய்யவே கூடாது: சுத்தியலால் தட்டக்கூடாது, அலுமினியம் விரிசல் விடும். கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி நெம்பக்கூடாது, கைப்பிடி கையோடு வந்துவிடும்!

கேபிள் என்றால்?

கேபிளின் நுனிக் கம்பி மோட்டாரில் ஒரு குழாய்க்குள் போய் வரும். பெரும்பாலும் கிரீஸ் காய்வது அந்தக் குழாய்க்குள்தான். கம்பியை வெளியே எடுத்து, பழைய கிரீசை மண்ணெண்ணெய், பிரஷ் கொண்டு கழுவிவிட்டுப் புது கிரீஸ் தடவலாம்.

அந்தக் குழாயில் நிப்பிள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கம்பி முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்போதுதான் கிரீஸ் அடிக்க வேண்டும். வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் அடைத்துக்கொண்டு கம்பி உள்ளே போகாமல் மாட்டிக்கொள்ளும். வைத்தியமே வியாதி ஆகிவிடும்.

கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுப் பயன் இல்லை. மாற்றத்தான் வேண்டும். பாதி வழியில் அறுந்தால் படகு யார் சொல்லும் கேட்காது.

இன்னொரு விஷயம். நிற்கும்போது லேசாக இருந்து, ஓடும்போது மட்டும் ஒரு பக்கமாக இழுத்தால் அது இறுக்கம் அல்ல. புரொப்பெல்லர் சுழல்வதால் வரும் இழுப்பு. பல மோட்டார்களில் புரொப்பெல்லருக்கு மேலே ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, துடுப்பின் பின்முனையை அதே பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

அரை மணி நேர வேலை

100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடிப்பது பொதுவான வழக்கம். கடலில் ஓடினால் இன்னும் அடிக்கடி வேண்டும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வெள்ளத் தண்ணீரில் உப்பு இல்லாவிட்டாலும் சேறும் சாக்கடையும் உண்டு, அதனால் அதற்கும் கழுவல் தேவை.

சும்மா நிற்கும் மோட்டாரா? மாதம் ஒரு முறை கைப்பிடியைப் பிடித்து இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பத்துத் தடவை ஆட்டினால் போதும். இதற்கு மெக்கானிக் வேண்டாம். வாட்ச்மேனே செய்யலாம்.

பெரிய வெள்ளம் என்றால் அரக்கோணத்தில் உள்ள தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் வரும். மீனவர்களும் வருவார்கள். அவர்கள் வந்து சேரும் வரை, ஊரில் கையிருப்பில் உள்ள படகுதான் முதல் துணை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒரு டப்பா கிரீஸ், ஒரு கிரீஸ் கன், அரை மணி நேரம், இவ்வளவுதான் செலவு. இதை வெயில் அடிக்கும்போதே செய்துவிட வேண்டும்.

மாடியில் இருந்து கை நீட்டுகிறவர்களிடம் போய், "கொஞ்சம் இருங்க, மோட்டார் திரும்பல" என்று சொல்ல முடியுமா?