விளக்கு எரிகிறது, திரை ஏன் இருட்டு?

மடிக்கணினியின் பவர் பட்டனை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடக்கிறது. உடனே பதற வேண்டாம். உள்ளே சேமித்த படங்களும் பாடங்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, மதர்போர்டிலுள்ள ஒரு சின்ன சிப்பில் பதிந்த பயாஸ் நிரல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிராசசர், ரேம் என்று ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. ரேம் பதில் தராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால் பல மாடல்கள் பீப் ஒலியாலோ, விளக்கைச் சிமிட்டியோ பழுதைச் சொல்கின்றன. எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் அதற்குப் பொருள் இருக்கும்.

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்து, மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். மந்திரம் போலத் தோன்றும் இந்த வைத்தியம் பலமுறை பலிக்கிறது.

அடுத்து, பேட்டரியையும் சார்ஜரையும் திரும்ப இணைத்து இயக்குங்கள். அப்போதும் திரை இருட்டாகவே இருந்தால், இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துத் திரைமேல் அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் கணினி ஓடுகிறது, பின்னொளிதான் போயிருக்கிறது.

ஒன்றும் தெரியாவிட்டால், ரேமைக் கழற்ற முடிகிற மாடலில், கணினியை அணைத்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, அதை எடுத்து மறுபடி 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திச் செருகுங்கள். அதன் விளிம்பில் வரிசையாக மின்னும் தொடுமுனைகளில் தூசு படிந்தாலே தொடர்பு அறுந்துவிடலாம். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பார்கள். பொன்பூச்சு மிக மெல்லியது என்பதால் நான் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்வேன்.