முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே!

எனக்கு வயது 51. இல்லத்தரசி. 1995-ல் பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, 3 வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் புதுப்பித்தும் ஒரு இன்டர்வியூ கார்டுகூடப் பார்க்காதவள். அதனால், 2022-ல் என் மகளும் பி.காம். முடித்ததும், "ஆள் தெரியாம இந்தக் காலத்துல வேலை கிடைக்காதுடி" என்று நானேதான் ஆரம்பித்து வைத்தேன்.

மதுரையில் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத ஆளே கிடையாது என்று எங்கள் சொந்தத்தில் பேச்சு. மகளின் பயோடேட்டாவை 10 காப்பி எடுத்துப் போய்க் கொடுத்தோம். "நம்ம பொண்ணு, கவலையை விடு. அடுத்த மாசம் பார்த்துடலாம்" என்றார்.

அந்த 'அடுத்த மாசம்' ஒன்றரை வருஷம் ஓடியது. பழமும் சாத்தூர் சேவும் வாங்கிக்கொண்டு 5 தடவை பஸ் ஏறிப் போய் வந்தோம். நடுவில் மகள், "பேப்பர்ல வந்த விளம்பரத்துக்கு எழுதிப் போடவாம்மா?" என்று கேட்டாள். "பெரியப்பா சொல்லியிருக்கும்போது நீ எங்கேயாவது சேர்ந்தா அவர் என்ன நினைப்பார்?" என்று தடுத்துவிட்டேன்.

2024 தொடக்கத்தில் அவர் மகளுக்கு வளைகாப்பு. ஒத்தாசைக்குச் சமையலறைக்குள் போய், ஊறுகாய் ஜாடியை எடுத்தேன். அலமாரியில் விரித்திருந்த தாளில் என் மகளின் போட்டோ! முகத்தைச் சுற்றி எண்ணெய் வட்டம். மேல் தட்டிலும் அதே தாள்தான். பாவம், அந்த அக்காவுக்கு அது என்ன தாள் என்றே தெரியாது. ஜாடியை அதே இடத்தில் வைத்துவிட்டு, பந்திக்கு அப்பளம் எடுத்துப் போனேன். இதை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, சகோதரிகளே. ஓய்வு பெற்றபின் அவர் பேச்சு எடுபடவில்லை. 'முடியாது' என்று சொல்ல வாயும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் பெண்ணுக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கை கொடுத்தது, ரேஷன் கடை வரிசையில் பேச்சுக் கொடுத்த ஒரு அம்மா. மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' இருக்கிறது, போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள் என்றார். மகள் சேர்ந்தாள். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், அவ்வளவுதான். எந்தப் பெரியப்பாவும் வேண்டாம்! 2024 ஜூனில் எழுதினாள், கிடைக்கவில்லை. ஆனால், அங்கே போய் வந்ததில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் பற்றித் தெரிந்து, ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாசம் 13 ஆயிரம். இப்போதும் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறாள்.

நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பது தப்பில்லை. எங்கே போய்க் கேட்கணும் என்று வழி சொல்பவர்கள் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள். 'நான் பார்த்துக்கறேன்' என்பவரை மட்டும் நம்பி, பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண், மகனின் பயோடேட்டாவோடு வந்தாள். "உங்க பொண்ணு மில்லுல சொல்லி வைங்கக்கா" என்றாள். 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அங்கே இப்ப ஆள் எடுக்கலைம்மா. அடுத்த முகாம் எப்போன்னு கேட்டுச் சொல்றேன், தம்பியை அனுப்பு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. போகட்டும். அந்தப் பையன் நாளைக்கே வேறு இடம் தேடுவான் அல்லவா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.